சுன்னாகத்தில் காணி வாங்கும்போது செலுத்தும் முத்திரைத் தீர்வை

இலங்கையில் காணி கைமாறும்போது மாகாணத்துக்குச் செலுத்தும் வரி முத்திரைத் தீர்வை. சுன்னாகத்தில் முதல் வீடு கட்டவென இரண்டு பரப்புக் காணி வாங்கும் குடும்பம், அத்திவாரம் வெட்டுமுன்பே இதற்குப் பணம் ஒதுக்கியாக வேண்டும். 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் இத்தீர்வையை மாகாண சபைகளின் பட்டியலில் சேர்த்தது. திரளும் பணம் காணி அமைந்த உள்ளூராட்சி சபைக்கு உரியது. சுன்னாகத்தில் அது வலிகாமம் தெற்குப் பிரதேச சபை.

விற்பனைக்கு முதல் 1,00,000 ரூபாவுக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபாக் காணிக்குத் தீர்வை 3,99,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணமும் நில அளவையாளர் கூலியும் இதற்கு வெளியே.

அதே காணியைப் பெற்றோர் மகளுக்கு நன்கொடை உறுதியாக எழுதினால் முதல் 50,000 ரூபாவுக்கு 3 வீதமும் மீதிக்கு 2 வீதமுமே. 2,00,500 ரூபாவோடு முடிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் சீதனக் காணி பெறுகிறவருக்கும், கொடுக்க யாருமில்லாமல் கடன்பட்டு வாங்குகிறவருக்கும் இடையே ஏற்கெனவே உள்ள இடைவெளியை இந்த விகிதங்கள் இன்னும் அகலமாக்குகின்றன. முதல் வீடு என்பதற்காக விற்பனை விகிதம் குறைவதில்லை. இங்கிலாந்தில் முதன்முறையாக வீடு வாங்குவோர் 3 லட்சம் பவுண் வரை கைமாற்று வரி கட்டுவதில்லை. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையான சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைகிறது. வட மாகாணத்திலும் சிறு காணியில் முதல் வீடு கட்டுவோருக்கு இத்தகைய சலுகை தேவை. இழப்பை உள்ளூர்ச் சபையே சுமக்க வேண்டிவரும் என்பதால், மாகாணம் அதை ஈடுசெய்யாமல் சலுகை மட்டும் அறிவிப்பது நியாயமாகாது.

தீர்வைக்கு அடிப்படை காணியின் பெறுமதி. உறுதியில் விலையைக் குறைத்து எழுதினாலும் மாகாண இறைவரித் திணைக்களம் சந்தைப் பெறுமதியைப் பார்க்கும். சுன்னாகத்தில் அந்தப் பெறுமதி கிணற்றோடும் சேர்ந்தது. அங்குள்ள அனல் மின்நிலையப் பகுதியிலிருந்து கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், குடியிருப்பாளருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கும்படி 2019இல் உயர் நீதிமன்றம் ஒரு மின் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. சுண்ணாம்புக் கற்பாறையில் தேங்கியுள்ள நன்னீரை நம்பி வாழும் ஊர் இது. விலை பேசுமுன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பது மிக அவசியம்.

காணி விற்பனை செல்லுபடியாக நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு உறுதி முடிக்க வேண்டும். இது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. அதற்கு முன் காணிப் பதிவேடான தோம்பு பார்ப்பார்கள்: ஈடு கிடக்கிறதா, பங்காளர் எத்தனை பேர்? யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்குட்பட்ட காணியானால் 1947ஆம் ஆண்டின் முன்னீட்டு உரிமைச் சட்டப்படி கூட்டுச் சொந்தக்காரருக்கும் விற்பவரின் உரித்தாளருக்கும் வாங்குவதில் முன்னுரிமை உண்டு. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் முடித்த அறுதி உறுதியால், தீர்வை கட்டி வீடெழுப்பியவரும் வழக்குக்கு இழுபடலாம். திருமணமான பெண் தேசவழமையின் கீழ் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் இன்றும் வேண்டும். அவளது சொந்தச் சொத்துக்கு இப்படியொரு தடை நீடிப்பது அநீதி.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சகோதரர் பணம் அனுப்பலாம். ஆனால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கைக் குடியுரிமையை இழந்து இரட்டைக் குடியுரிமையும் பெறாதவர் பெயருக்குக் காணியை விற்று எழுத முடியாது. அதனால் உறுதி பெரும்பாலும் ஊரிலிருக்கும் உடன்பிறப்பின் பெயரில் முடிகிறது. பின்னொரு நாள் அந்தக் காணியைப் பணம் தந்தவரின் பிள்ளைக்கு மாற்ற நினைத்தால், அந்தப் பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை இல்லாவிட்டால் இதே தடை குறுக்கிடலாம். தீர்வையும் மறுபடி கட்ட வேண்டும்.