பிறப்பிடத்திலேயே பிரித்தல்: கழிவுநீர் மறுபயன்பாடு குறித்து ஒரு வாதம்

நமீபியாவின் தலைநகரான விண்ட்ஹூக்கில் 1968 முதல் மக்கள் தங்கள் சாக்கடை நீரைச் சுத்திகரித்துக் குடித்து வருகிறார்கள். ஆற்றில் விட்டோ நிலத்தில் ஊறவைத்தோ சுற்றுவழியில் வரும் நீரன்று அது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நேரே குடிநீர்க் குழாய்க்கு வருவது. 2002இல் திறக்கப்பட்ட புதிய கோரியாங்காப் நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 2.1 கோடி லிட்டர். ஓசோன், மிதவைப் பிரிப்பு, மணல் வடிகட்டி, கிளர்வூட்டிய கரி, நுண்வடிப்புச் சவ்வு, குளோரின் என அங்கே தடைக்கு மேல் தடை உண்டு. ஆனால் அந்த வரிசையில் எதிர்ச் சவ்வூடுபரவல் இல்லை. நம் வீட்டு அடுக்களைகளில்கூட இன்று தொங்கும் ஆர்.ஓ., உலகின் மிகப் பழைய நேரடிக் குடிநீர் மறுபயன்பாட்டு நகரத்தில் கிடையாது.

அது இல்லாமலே அந்நகரம் எப்படிச் சமாளிக்கிறது? விடை நிலையத்துக்குள் இல்லை, தெருவுக்கு அடியில் இருக்கிறது. தொழிற்பேட்டைக் கழிவு தனிக் குழாயில் தனி நிலையத்துக்குப் போகிறது. குடிநீராக மாறுவது பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீரே. அதுவும் அணைநீரோடு கலந்தே வீடுகளுக்கு வருகிறது. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, பீடபூமியில் அமர்ந்த ஊருக்கு ஆர்.ஓ. ஒதுக்கும் கரிப்புநீரைக் கொட்ட இடமும் இல்லை. ஆகவே கட்டுப்பாட்டைக் குழாயின் கடைசியில் வைக்காமல் தொடக்கத்தில் வைத்தார்கள்.

மறுபயன்பாட்டு நீர் பற்றிய எழுத்துகள் மக்களின் அருவருப்பையே முதல் தடையாகக் காட்டுகின்றன. அருவருப்பு உண்மைதான், ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரம் 2006இல் வாக்கெடுப்பு நடத்திக் கழிவுநீர் மறுபயன்பாட்டுத் திட்டத்தை நிராகரித்தது. ஆனாலும் அதை வெறும் மனத்தடை என்று ஒதுக்குவது சரியன்று என்பதே என் கருத்து. அந்தத் தயக்கத்தின் அடியில் நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது: சாக்கடைக்குள் யார் எதை ஊற்றுகிறார்கள்?

ஆர்.ஓ. எல்லாவற்றையும் தடுத்துவிடும்போது இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி அனுபவம் இதற்கு விடை சொல்கிறது. ஆர்.ஓ. வழியாகச் சுத்திகரித்த நீரை நிலத்தடியில் செலுத்திவந்த அப்பகுதியில், 2002இல் குடிநீர்க் கிணறுகளில் டையாக்சேன் என்னும் கரைப்பான் காணப்பட்டது. மின்னேற்றமற்ற சிறு மூலக்கூறு ஆதலால் சவ்வைக் கடந்து வந்திருந்தது. தேடிப் போனால், அது ஒரே ஒரு தொழிற்சாலை சாக்கடையில் விட்டது. அந்த வாசலை அடைத்ததுதான் முதல் தீர்வு. சவ்வு தடுத்துவிடும் பொருள்களும் மறைந்து போவதில்லை. அடர்ந்த கரிப்புநீராகி எங்கோ ஒரு கால்வாய்க்கோ கடலுக்கோ போய்ச் சேர்கின்றன. இதற்கெல்லாம் முன்பே இன்னொரு ஆபத்து: முலாம் பூசும் பட்டறையின் உலோகக் கரைசல் திடீரெனப் பாய்ந்தால், இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பில் வேலை செய்யும் நுண்ணுயிர்களே நலிந்துவிடும்.

சென்னைக்கு வருவோம். மணலித் தொழிற்சாலைகள் 1990களின் தொடக்கத்திலேயே மாநகரின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கின. இந்திய நகரங்களில் இது முன்னோடி முயற்சி. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் கொள்ளளவில் மூன்றாம் நிலை ஆர்.ஓ. நிலையங்கள் வந்தன. கோயம்பேட்டு நீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறது. ஏரிநீரைக் குடிக்க விட்டுவிட்டு ஆலைக்குச் சாக்கடை நீரைத் தருவது அறிவார்ந்த ஏற்பாடு. அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இந்த நிலையங்களுக்கு வரும் பாதாள சாக்கடையில் வீடும் பட்டறையும் மருத்துவமனையும் கலந்தே கிடக்கின்றன. இணைப்பில்லாத பகுதிகளிலிருந்து வரும் கழிவுநீர் லாரிகளும் உந்துநிலையங்களில் கொட்டுகின்றன. லாரிக் கழிவுநீரின் மின்கடத்துதிறனையும் அமிலத்தன்மையையும் கையடக்கக் கருவியால் ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம். கோடிக்கணக்கில் சவ்வு வாங்கும் திட்டத்தில் அந்த அளவீடு ஒவ்வொரு உந்துநிலையத்திலும் கட்டாயமாக வேண்டும்.

பெங்களூரின் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் சுத்திகரித்த கழிவுநீரைக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்பும் திட்டமோ இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு நின்றுவிடுகிறது. 2018 ஜூலையில் நுரை பொங்கியதும் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீர் மீண்டும் ஓடியது. வறண்ட கிணறுகள் ஊறியதையும் மறுக்க முடியாது. அந்த ஊற்றை நம்பித் தக்காளியும் மல்பெரியும் பயிரிடும் கோலார் விவசாயிக்கு, பெங்களூரின் எந்தப் பட்டறை எதை வடிகாலில் விடுகிறது என்பதில் எந்தச் சொல்லுரிமையும் இல்லை. நீர் தரும் நகரத்துக்கும் பெறும் மாவட்டத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் லிட்டர் கணக்கு மட்டும் போதாது. அந்தச் சாக்கடையில் இணைந்த தொழில்களின் பட்டியலும், ஏரியில் சோதனை தவறினால் பம்பை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் பெறுபவரின் கையில் எழுத்துமூலம் தரப்பட வேண்டும்.