சூப்பர் பைக், மாம்பழம், பிஒய் 02

போன மாசம் முழுக்க ஆணி பிடுங்குற நேரம் போக மிச்சம் இருந்த நேரமெல்லாம் ஒரே வேலைதான். செகண்ட் ஹேண்ட் சூப்பர் பைக் தேடுறது. ஞாயித்துக்கிழமை ஓட்டிட்டு துணி போட்டு மூடி வைக்கிறதுக்கு இல்லை. தினமும் ஓட்டணும். காலையில அம்மாவை திருநள்ளாறு பக்கம் ஸ்கூல்ல விடணும், அப்புறம் வீட்டுக்கு வந்து பொட்டி தட்டணும், வாரக் கடைசியில கும்பகோணமோ பாண்டியோ போகணும். இதுதான் என் தேவை.

"உனக்கு எதுக்குடா இது?"ன்னு நீங்க கேக்குறது காதுல விழுது. எங்க வீட்டுலயும் இதே கேள்விதான். அதுக்குக் காரணம் எங்க தாய்மாமா. 1980கள்ல எங்க வட்டாரத்துல ராஜ்தூத் 350 வச்சிருந்த சில பேர்ல அவரும் ஒருத்தர். இப்ப அவர் நடந்தா இடது கால் கொஞ்சம் இழுக்கும். அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல வரலாறு. கொசுவத்தியை நல்லாவே சுத்தப் போறேன், பொறுத்துக்கோங்க :)

உலகத்துல சூப்பர் பைக்குங்கற பேச்சு ஹோண்டா சிபி 750 வண்டியால பரவினதுன்னு சொல்லலாம். 1969-ல் வந்தது. நாலு சிலிண்டர், முன்னாடி டிஸ்க் பிரேக், பட்டனைத் தட்டினா ஸ்டார்ட், 67 குதிரைத்திறன். அதே 1969-ல் நம்ம ஊர்ல என்ன இருந்துச்சு? திருவொற்றியூர்ல செய்த புல்லட், மைசூர்ல செய்த ஜாவா, எஸ்கார்ட்ஸ் கம்பெனியோட ராஜ்தூத். அவ்வளவுதான்.

புல்லட் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ராணுவத்துக்கு வண்டி வேணும்னு அரசாங்கம் தேடினப்ப இங்கிலாந்தோட ராயல் என்ஃபீல்டை எடுத்தாங்க. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோட சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாச்சு. வேடிக்கை என்னன்னா, அங்கே தாய்க் கம்பெனி 1970 வாக்குல மூடிப் போச்சு, இங்கே பிள்ளை மட்டும் அதே வண்டியைச் செஞ்சுகிட்டே இருந்துச்சு. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். கிக்கர் திருப்பி அடிச்சா முழங்கால் போச்சு. லைசென்ஸ் ராஜ் காலம் அது. வெளிநாட்டு வண்டியைக் கொண்டு வர்றது சாமானியனால ஆகுற காரியம் இல்லை. புல்லட்டை விட்டா பெரிய வண்டின்னு எதுவும் கிடையாது.

இங்கே எங்க ஊரைப் பத்தி ஒரு வரி. காரைக்கால் 1739-ல் தஞ்சாவூர் மராட்டிய மன்னர்கிட்ட இருந்து பிரெஞ்சுக்காரன் கைக்குப் போன ஊர். நடுவுல வெள்ளைக்காரன் சில தடவை பிடிச்சாலும், 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சிதான். சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. சுத்தி தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவுல நாங்க. வண்டியில வடக்கே போனா பூவம் தாண்டி தமிழ்நாடு, தெற்கே போனா வாஞ்சூர் தாண்டி தமிழ்நாடு. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரிங்கறது எங்களுக்கு ரத்தத்துல ஊறினது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

1983-ல்தான் இந்தியாவுக்கு முதல் "சூப்பர் பைக்" வந்துச்சு. யமஹா ஆர்டி 350 வண்டியை எஸ்கார்ட்ஸ், ராஜ்தூத் 350-ங்கற பேர்ல இங்கே செய்ய ஆரம்பிச்சாங்க. 347 சிசி, ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பான்ல 1970கள்லயே நிறுத்திட்ட மாடல்தான், ஆனா இங்கே அது வேற்றுக்கிரகத்து வண்டி மாதிரி. ஜப்பான் வண்டியில 39 குதிரை. நம்ம ஊருக்கு மைலேஜுக்காக மூச்சை அடக்கி 30 சொச்சமாக் குறைச்சாங்க. அப்புறம் இன்னும் குறைச்சு 27 பக்கம் ஒண்ணு விட்டாங்க. ஹெச்டி, எல்டின்னு இன்னிக்கும் ரசிகருங்க சண்டை போடுறது இதை வச்சுத்தான். குறைச்சதுக்கு அப்புறமும் புல்லட் மாதிரி ரெண்டு பங்கு சக்தி இல்லேன்னாலும் ஒன்றரைப் பங்கு இருந்துச்சு.

அதுல இன்னொரு மாற்றமும் இருந்துச்சு. வெளிநாட்டு ஆர்டியில முன்னாடி டிஸ்க் பிரேக். இங்கே டிரம். வேகம் ஜப்பானுக்குப் பக்கத்துல, நிறுத்துறது மட்டும் டிரம்முல. ரோடோ ஒத்தை ரோடு. ஹெல்மெட் போடுற பழக்கமும் அப்ப கிடையாது. "ரேப்பிட் டெத்"னு ஆர்டிக்கு ஒரு பேரு வந்தது சும்மா இல்லை.

ஆனா வண்டியைக் கொன்னது விபத்து இல்லை, பெட்ரோல் கணக்கு. 1984-ல் ஓசூர்ல இருந்து இண்ட்-சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருஷக் கடைசியில யமஹா ஆர்எக்ஸ் 100 எல்லாம் வந்துடுச்சு. ஒரு லிட்டருக்கு 20 சொச்சம் கொடுக்குற வண்டியை யாரு வாங்குவா? 1990 வாக்குல ஆர்டி உற்பத்தி நின்னுச்சு. அப்ப மலிவாத் தள்ளிவிட்ட வண்டிங்களுக்கு இன்னிக்கு லட்சக்கணக்குல விலை சொல்றாங்க.

இப்ப மாமா கதை. 80களோட கடைசியில ஒரு தை மாசம், நாகூர்ல இருந்து திரும்பி வர்றார். அறுவடை நேரம். டெல்டாக்காரங்களுக்குத் தெரியும், தார் ரோடுதான் அப்ப களம். நெல்லைக் காய வைப்பாங்க, வண்டி ஏறி மிதிக்கட்டும்னு கதிரைப் பரப்பி விடுவாங்க. இருட்டுற நேரம். கதிர் பரப்பின இடத்துல பிரேக் அடிச்சிருக்கார். டயருக்குக் கீழே ரோடு இல்லை, வைக்கோல்தான். மூணு மாசம் படுக்கை. ஒரு நாளும் வண்டியைக் குறை சொல்ல மாட்டார். "நான் வந்த வேகம்தான்டா தப்பு, வண்டி என்ன பண்ணும்"னுதான் சொல்வார். ஆனா எங்க அம்மாவுக்கு அண்ணன் காலைப் பாக்குறப்பல்லாம் அந்த வண்டிதான் ஞாபகம் வரும். அதனால என் வண்டிப் பட்டியல்ல முதல் கேள்வி "எத்தனை சிசி"ன்னு இல்லை. "எப்படி நிக்கும்?"

சரி, ஆர்டிக்கு அப்புறம் என்ன? கிட்டத்தட்ட பதினேழு வருஷம் பெரிய வண்டி வறட்சி. 2004-ல் தூம் படம் வந்து ஹயபுசாவைத் திரையில காட்டினப்ப பசங்களுக்குப் பைத்தியமே புடிச்சுது, ஆனா ஷோரூம்ல போய் வாங்க முடியாது. கதவைத் திறந்தது எது தெரியுமா? மாம்பழம்!

நிஜமாத்தான். 2006 மார்ச்சில் புஷ் டெல்லி வந்தப்ப நடந்த பேச்சுல, இந்திய மாம்பழத்தை அமெரிக்கா உள்ளே விடணும்னு நாம கேட்டோம். ஹார்லி டேவிட்சனை இந்தியா உள்ளே விடணும்னு அவங்க கேட்டாங்க. 2007-ல் மாம்பழம் அங்கே போச்சு. அதே 2007-ல் 800 சிசிக்கு மேலே உள்ள, யூரோ 3 மாசு அளவுக்கு உட்பட்ட வண்டிங்களை இறக்குமதி பண்ண விதியைத் தளர்த்தினாங்க. காரைக்கால்காரனுக்கு இதைப் படிச்சா சிரிப்பு வராம இருக்குமா? புனிதவதியார் ஒரு மாம்பழத்தை அடியாருக்குக் கொடுத்துட்டு இன்னொண்ணை இறைவன்கிட்ட வாங்கின ஊரு இது. ஆனி பௌர்ணமியில மாங்கனித் திருவிழாவுல மாடியில இருந்து மாம்பழத்தை வாரி இறைப்போம். மாம்பழம் கொடுத்தா எதுவும் கிடைக்கும்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும் :)

யமஹா ஆர்1 2007 டிசம்பரில் வந்துச்சு, விலை பத்து லட்சத்துக்கு மேல. 2008-ல் ஹயபுசா. 2009-ல் ஹோண்டா சிபிஆர் 1000. ஹார்லி 2010-ல் விற்க ஆரம்பிச்சாங்க. கதவு திறந்துச்சே தவிர சுங்க வரி இறங்கலை. முழு வண்டியா இறக்குமதி பண்ணினா 60 சதவீதத்துக்கும் மேலே இருந்த வரி, 2018-ல்தான் 50 ஆச்சு.

இந்த இடத்துலதான் எங்க ஊரு கதைக்குள்ள வருது. பாண்டிக்கு பிஒய் 01, காரைக்காலுக்கு பிஒய் 02, மாஹேவுக்கு 03, ஏனாமுக்கு 04. தமிழ்நாட்டுல விலை மேல சதவீதக் கணக்குல ஆயுள் வரி. 2023 நவம்பர்ல இருந்து ஒரு லட்சத்துக்கு மேலே உள்ள பைக்குக்கு 12 சதவீதம். பத்து லட்சம் வண்டின்னா ஒண்ணே கால் லட்சம் கிட்ட வரி மட்டும். எங்க பக்கம் அதைவிட ரொம்பக் குறைவு. அதனால பழைய சூப்பர் பைக் விளம்பரம் பாத்தீங்கன்னா சென்னையில, கொச்சியில ஓடுற வண்டியில எல்லாம் பிஒய் நம்பர். சிலர் இங்கே குடியிருக்குறதாப் பொய் முகவரி கொடுத்துப் பதிவு பண்ணி, 2017-ல் கேரளாவுல பெரிய பிரச்சனையே ஆச்சு.

வாங்குறவங்க கவனிக்க வேண்டியது இது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47 படி வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேலே ஓட்டினா அங்கே புது நம்பர் வாங்கணும். அதுக்கு முதல்ல பழைய ஆர்டிஓ கிட்ட தடையின்மைச் சான்று, அதாவது என்ஓசி, படிவம் 28. பேரு மாத்த 29, 30. கடன் இருந்து அடைச்சிருந்தா 35. என்ஓசி வாங்கித் தராத வியாபாரிகிட்ட எவ்வளவு மலிவா இருந்தாலும் போகாதீங்க. வரி மிச்சம்னு நினைச்சு வாங்கிட்டு, செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட் பதில் சொல்லணும்.

இப்ப நான் பாத்த வண்டிங்க.

முதல்ல ஒரு லிட்டர் வண்டி, அதாவது 1000 சிசி. ஓட்டிப் பாத்தேன். முதல் கியர்லயே நூறைத் தாண்டும். பாரதியார் சாலையில எனக்கு எதுக்கு ரெண்டாவது கியர்? மெதுவா போனா இன்ஜின் சூடு தொடையை வேக வைக்குது. பின் சீட்டு உள்ளங்கை அளவு. புடவை கட்டின அம்மா ஒரு பக்கமா உக்காரணும்னா நடக்காத காரியம்.

ரெண்டாவது, மாமா ஞாபகத்துல ஒரு ஆர்டி. சத்தம் கேட்டதும் மயிர்க்கூச்செறிஞ்சுது, பொய் சொல்லலை. ஆனா தினசரிக்கு? டிரம் பிரேக், தேடி அலையணும் பார்ட்ஸுக்கு. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். மனசைக் கல்லாக்கிட்டு விட்டுட்டேன்.

மூணாவது, ஹார்லி ஸ்ட்ரீட் 750. இங்கேயே அசெம்பிள் பண்ணினது, 2014-ல் வந்தது. 2020 செப்டம்பரில் ஹார்லி இந்தியத் தொழிற்சாலையை மூடினதும் பழைய வண்டி விலை சரிஞ்சுது. சர்வீஸ், பார்ட்ஸ் எல்லாம் ஹீரோ கைக்குப் போச்சு. மலிவுதான், ஆனா காரைக்கால்ல உக்காந்துகிட்டு ஒரு பார்ட்ஸுக்காக வாரக்கணக்குல காத்திருக்க என்னால முடியாது.

கடைசியா இன்டர்செப்டர் 650. 1960கள்ல இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டு செஞ்ச ரெட்டை சிலிண்டர் வண்டியோட பேரு. அது 1970-ல் நின்னு போச்சு. 2018-ல் அதே பேரை சென்னைப் பக்கம் செஞ்ச வண்டிக்கு வச்சாங்க. 648 சிசி, 47 குதிரை. "இதெல்லாம் சூப்பர் பைக்கா?"ன்னு விவரமானவங்க சிரிப்பீங்க. 1969-ல் 67 குதிரையை உலகமே வாயைப் பிளந்து பாத்துச்சே, அந்தக் கணக்குல கொஞ்சம் கிட்டத்துல வருதுன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

ஆனா எனக்கு முக்கியம் இன்னொண்ணு. ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க், ரெண்டுக்கும் ஏபிஎஸ். 125 சிசிக்கு மேலே உள்ள எல்லாப் புது வண்டிக்கும் 2019 ஏப்ரல்ல இருந்து ஏபிஎஸ் கட்டாயம். பழைய வண்டி தேடுறவங்க இந்தத் தேதியை மனப்பாடம் பண்ணி வச்சுக்கோங்க. அதுக்கு முன்னாடி உள்ளதுல இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குறதுதான் ஏபிஎஸ் வேலை. வைக்கோல் மேல அதுவும் மாயம் பண்ணாது, ஆனா டிரம்மைவிட ஒரு வாய்ப்பு கூடவே கொடுக்கும்.

வாங்கப் போறப்ப நான் பாத்தது: ஆர்சியில உள்ள இன்ஜின், சேஸிஸ் நம்பர் வண்டியில உள்ளதோட ஒத்துப்போகுதா, டயர் ஓரத்துல நாலு இலக்கம் (முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம்), முன் ஃபோர்க்குல எண்ணெய்க் கசிவு, டேங்க் உள்ளே டார்ச் அடிச்சு துரு. கடைசி ரெண்டும் கடலோர வண்டிக்கு ரொம்ப முக்கியம். எங்க ஊர்ல சைக்கிளைக்கூட உப்புக்காத்து தின்னுடும்.

சென்னையில ஒருத்தர்கிட்ட 2020 வண்டி அமைஞ்சுது. ஊரெல்லாம் டிஎன்-ஐ விட்டு பிஒய்க்கு ஓடுறப்ப, பிஒய்க்காரன் டிஎன் வண்டி வாங்கிட்டு வந்திருக்கேன். என்ஓசி கையில இருக்கு, பிஒய் 02-க்கு மாத்தக் கொடுத்திருக்கேன்.

வண்டி வந்த அன்னிக்கு மாமா வந்தார். சுத்திப் பாத்தார். சிசி கேக்கலை, மைலேஜ் கேக்கலை. குனிஞ்சு முன் சக்கரத்து டிஸ்க்கைத் தடவிப் பாத்தார். பிரேக் லீவரை ரெண்டு தடவை அமுக்கினார். "இது போதும் மாப்ளே. தை மாசம் மட்டும் சாயங்காலம் நாப்பதைத் தாண்டாத"ன்னார்.

அம்மா இன்னும் ஏறலை. "நம்பர் மாறி வரட்டும், பாக்கலாம்"னு சொல்லியிருக்காங்க. அது நம்பருக்காக இல்லைன்னு எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்.

உங்கள்ல யாராவது பெரிய வண்டியை தினமும் ஓட்டுறவங்க இருந்தா, அம்மாவை ஏத்துறதுக்கு ஒரு வழி சொல்லுங்க மக்களே!