ஃபாரடே உட்கார்ந்திருந்த பை

மைக்கேல் ஃபாரடே என்றதும் நமக்கு மின்காந்தத் தூண்டல்தான் ஞாபகம் வரும். பாடப்புத்தகம் செய்த வேலை அது. மனிதர் ஒருமுறை வெடிமருந்துப் பையின் மேல் உட்கார்ந்துகொண்டு பாதுகாப்பு பற்றிக் கேள்வி கேட்டார் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை :-)

1844 செப்டம்பர் 28 அன்று இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 95 பேர் இறந்தார்கள், அதில் சிறுவர்களும் உண்டு. அரசாங்கம் ஃபாரடேயையும் நிலவியல் அறிஞர் சார்லஸ் லையலையும் விசாரிக்க அனுப்பியது. சுரங்கத்துக்குள் காற்று ஓடும் வேகத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று ஃபாரடே கேட்டார். ஒரு ஆள் மூக்குப்பொடி எடுப்பது மாதிரி ஒரு சிட்டிகை வெடிமருந்தை எடுத்து மெழுகுவர்த்தித் தீயில் தூவினார். புகை இவ்வளவு தூரம் போக எத்தனை நொடி என்று இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். அளவு சரிதான் என்று ஃபாரடே ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த அலட்சியத்தைப் பார்த்துவிட்டு, மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இறுக்கிக் கட்டின பையில் என்றார்கள். பை எங்கே? நீங்கள் உட்கார்ந்திருப்பதுதான்! நாற்காலி இல்லாததால் இருந்ததிலேயே மெத்தென்ற இடத்தை விருந்தாளிக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதை எழுதி வைத்தவர் லையல்.

சிரித்துவிட்டு யோசித்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஆபத்தைத் தடுக்கத்தான் காற்றை அளக்கிறார்கள். அளக்கும் முறையே வெடி வைக்கிற முறை! இன்று மாவு மில்லிலும் சர்க்கரை ஆலையிலும் இருக்கிற தூசி சென்சார்கள் வரைக்கும் இதே சிக்கல்தான். அந்த வரலாற்றைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

ஹாஸ்வெல் அறிக்கையில் இன்னொரு முக்கியமான விஷயம் இருந்தது. வாயு மட்டும் எரியவில்லை, கிளம்பின நிலக்கரித் தூசியும் சேர்ந்து எரிந்தது என்று ஃபாரடேயும் லையலும் எழுதினார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1906-ல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் தூசி வெடித்து 1,099 பேர் போன பிறகும்கூட வாதம் தொடர்ந்தது. அறுபது வருஷம், ஐயா!

சரி, கருவிக்கு வருவோம். 1815-ல் ஹம்ஃப்ரி டேவி பாதுகாப்பு விளக்கைச் செய்தார். தீயைச் சுற்றி மெல்லிய கம்பி வலை. வலை சூட்டை வாங்கிக்கொள்வதால் உள்ளே எரிகிற தீ வெளியே இருக்கிற வாயுவைப் பற்றவைக்காது. இது வெளிச்சத்துக்கு மட்டுமல்ல. திரியை இறக்கி வைத்தால், வாயு இருக்கும்போது தீயின் மேல் நீல நிறத் தொப்பி தெரியும். அதன் உயரத்தை வைத்து வாயு எவ்வளவு என்று கணிப்பார்கள். அந்தக் காலத்து சென்சார் என்றே சொல்லலாம்.

பராமரிப்பில்தான் வினை. வலையில் ஒரு ஓட்டை விழுந்தால் போச்சு. தூசி அடைத்து வலை பழுக்கக் காய்ந்தாலும் போச்சு. விளக்கு அணைந்துவிட்டால் தொழிலாளி என்ன செய்வார்? இருட்டில் நின்றால் கூலி கிடையாது, திறந்து பற்றவைத்துவிடுவார். அவரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் பிறகு விளக்குக்குப் பூட்டு வந்தது. சுரங்கத்துக்கு மேலே விளக்கறை என்று தனியாக ஒன்று வந்தது. அங்கேதான் திறப்பது, துடைப்பது, வலையைச் சோதிப்பது எல்லாம். ஆபத்தான இடத்தில் கருவியைத் திறக்காதே என்ற விதி அப்படித்தான் பிறந்தது.

அடுத்தது மின்சாரம். 1913 அக்டோபர் 14 அன்று வேல்ஸில் செங்கனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர்களும் மீட்கப்போன ஒருவரும் இறந்தார்கள். பிரிட்டனிலேயே மோசமான சுரங்க விபத்து இது. தூசி வழியாகத் தீ பரவியது. முதல் பொறி எங்கிருந்து வந்தது என்று கடைசி வரை உறுதியாகவில்லை. ஆனால் சந்தேகப்பட்டதில் ஒன்று சாதாரண மணி. சுரங்கப் பாதை நெடுக இரண்டு வெற்றுக் கம்பிகள் ஓடும், அவற்றைத் தொடவைத்தால் மணி அடிக்கும். சில பேட்டரிதானே, அதில் என்ன ஆபத்து என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். (மேலாளருக்கு அபராதம் 24 பவுண்டு. 440 உயிர்களுக்கு வகுத்துப் பாருங்கள்.)

இதைத் தொடர்ந்து வீலர், தார்ன்டன் என்ற இருவர் மணியை ஆராய்ந்தார்கள். வில்லன் பேட்டரியின் வோல்டேஜ் மட்டுமல்ல, மணிக்குள் இருக்கிற காயில். மின்னோட்டம் ஓடும்போது அதில் ஆற்றல் சேர்ந்திருக்கும், கம்பியைப் பிரிக்கிற நொடியில் அவ்வளவும் பொறியாக வெளியே வரும். காயிலுக்குப் பக்கவாட்டில் ஒரு மின்தடையை இணைத்தால் பொறி சாதுவாகிவிடும். தடித்த பெட்டிக்குள் கருவியைப் பூட்டுவதற்குப் பதில், பற்றவைக்கிற சக்தியே இல்லாமல் செய்துவிடுவது! இன்றைக்கு 'இன்ட்ரின்சிக்கலி சேஃப்' என்று கருவிகளில் போடுகிறார்களே, அதன் வேர் இந்த மணிதான். மின்காந்தத் தூண்டல்... திரும்பவும் ஃபாரடேயிடமே வந்துவிட்டோம் பாருங்கள்.

இதைத் தெரிந்துகொண்டு இன்றைய தூசி சென்சார் பராமரிப்பு விதிகளைப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் தெரியும். கழற்றிப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய்த் திற என்பது பழைய விளக்கறை. கேபிளை இஷ்டத்துக்கு நீட்டாதே என்கிறார்கள், ஏனென்றால் நீளமான கேபிளிலும் ஆற்றல் சேரும், மணியின் காயில் மாதிரியே. அதே அளவு என்று கடையில் கிடைத்த வேறு பேட்டரியைப் போட்டால் பழைய சான்றிதழுக்கு அர்த்தம் இல்லை. லென்ஸில் படிந்த தூசியைக் காய்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் வரும். காற்றடித்துச் சுத்தம் செய்தால் தரையில் கிடந்த தூசி மேகமாக எழும், பொறிக்கு வேண்டியதே அதுதான். 2008-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு சர்க்கரை ஆலை வெடித்து 14 பேர் இறந்தபோது, முதல் வெடிப்பை விட, படிந்து கிடந்த தூசி எழும்பி அடுத்தடுத்து வெடித்ததுதான் கட்டடத்தை நாசமாக்கியது.

கல் தூசியைத் தூவி நிலக்கரித் தூசியை அடக்கலாம் என்று கார்ஃபோர்த் 1908-ல் ஆல்டாஃப்ட்ஸில் பழைய பாய்லர்களைக் கோர்த்துச் செய்த சோதனை தனிக் கதை. பரீட்சை முடிந்ததும் அதை எழுதுகிறேன்.