கதைக்குப் படம் தரும் கணினி: உரிமை யாருக்கு?

கதாசிரியர் ஒருவர் தமது கதையில் வரும் காட்சியைச் சில வரிகளில் விவரித்தால், அதற்கான படத்தைக் கணினி சில நொடிகளில் உருவாக்கித் தருகிறது. மிட்ஜேர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஆகிய செயற்கை நுண்ணறிவு மென்பொருட்கள் 2022ஆம் ஆண்டில் பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தன. அதன் பின்னர், ஓவியருக்குப் பணம் கொடுக்க வசதியற்ற எழுத்தாளர்கள் பலர் இந்த வழியை நாடி வருகின்றனர்.

ஆனால் அவ்வாறு கிடைக்கும் படம் எழுத்தாளருக்குச் சொந்தமா என்ற கேள்விக்கு, நாட்டுக்கு நாடு விடை வேறுபடுகிறது.

அமெரிக்க முடிவு

அமெரிக்காவைச் சேர்ந்த கிறிஸ் கஷ்டனோவா, 'ஸர்யா ஆஃப் தி டான்' என்ற 18 பக்கச் சித்திரக்கதையைத் தாமே எழுதி, அதற்கான படங்களை மிட்ஜேர்னி மூலம் பெற்றார். 2022 செப்டம்பரில் அந்நூலுக்குப் பதிப்புரிமைப் பதிவும் வழங்கப்பட்டது. படங்கள் உருவான விதம் குறித்துப் பின்னர் அறிய வந்த அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், அந்தப் பதிவை மறு ஆய்வு செய்தது.

2023 பிப்ரவரி 21ஆம் தேதி அது தன் முடிவை அறிவித்தது. கதையின் எழுத்தும், எழுத்தையும் படங்களையும் தேர்ந்து வரிசைப்படுத்திய முறையும் கஷ்டனோவாவுக்கு உரியவை. தனித்தனிப் படங்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்பதே அந்த முடிவு.

இதற்கு அலுவலகம் கூறிய காரணம் கவனிக்கத்தக்கது. மென்பொருளுக்குத் தரப்படும் வரிகள் ஓவியரிடம் சொல்லப்படும் யோசனை போன்றவை. எத்தகைய படம் வரும் என்பதை அவற்றை எழுதியவரால் முன்கூட்டியே தீர்மானிக்க இயலாது என்று அது கூறியது. யோசனை சொன்னவர் ஓவியர் ஆவதில்லை. வரைந்தது மனிதரல்ல என்பதால், படத்துக்குச் சட்டப்படி ஆக்கியோனே இல்லாமல் போகிறார்.

இந்த நிலைப்பாட்டை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையிலும் உறுதி செய்தது. எனினும் கணினி தந்த படத்தை மனிதர் படைப்பாற்றலுடன் மாற்றியமைத்தால், அந்தப் பங்களிப்புக்குப் பாதுகாப்பு கிடைக்கலாம் என்றும் அது கூறியது.

மாறுபடும் சட்டங்கள்

சீனாவில் இதற்கு மாறான தீர்ப்பு வந்தது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் மூலம் ஒருவர் உருவாக்கிய பெண்ணின் படத்தை, வேறொருவர் தமது கவிதையுடன் அனுமதியின்றி வெளியிட்டார். மென்பொருளுக்குத் தரப்பட்ட வரிகளிலும் திருத்தங்களிலும் மனித உழைப்பு உள்ளது என்று கூறிய பெய்ஜிங் இணைய நீதிமன்றம், 2023 நவம்பரில் படத்தை உருவாக்கியவருக்குப் பதிப்புரிமை உண்டு எனத் தீர்ப்பளித்து, 500 யுவான் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டம், கணினி ஆக்கிய படைப்புக்குத் தேவையான ஏற்பாடுகளைச் செய்தவரையே ஆக்கியோனாகக் கருதியது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1994இல் செய்யப்பட்ட திருத்தமும், படைப்பு உருவாகக் காரணமானவரை ஆக்கியோன் என்கிறது. ஆனால் இவ்விரு விதிகளும் இன்றைய மென்பொருட்கள் வருவதற்கு முன் எழுதப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது.

ஓவியர்களின் எதிர்ப்பு

ஸ்டேபிள் டிஃப்யூஷனைப் பயிற்றுவிக்க, இணையத்தில் திரட்டப்பட்ட 500 கோடிக்கும் மேற்பட்ட படங்களின் பட்டியலில் இருந்து பெருந்தொகுதிகள் எடுக்கப்பட்டன. தங்கள் ஓவியங்கள் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதாக சாரா ஆண்டர்சன், கெல்லி மக்கெர்னன், கார்லா ஓர்டிஸ் ஆகிய ஓவியர்கள் 2023 ஜனவரியில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். பதிப்புரிமை மீறல் குறித்த அவர்களது முக்கியக் குற்றச்சாட்டுகள் தொடர்ந்து விசாரிக்கப்படலாம் என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அனுமதி அளித்தார்.

ஆனால் கெட்டி இமேஜஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில், ஸ்டேபிள் டிஃப்யூஷன் படங்களின் பிரதிகளைத் தன்னுள் சேமித்து வைத்திருக்கவில்லை என்பதால் அந்த மென்பொருளைச் சட்டவிரோதப் பிரதியாகக் கருத முடியாது என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் கூறியது.

எழுத்தாளர் முன் உள்ள தெரிவு

கதைக்கான ஓவியத்தின் பெறுமதியைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். 1950இல் 'கல்கி' இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடரின் பாத்திரங்களுக்கு முகம் கொடுத்தவர் ஓவியர் மணியம். அத்தியாயத்தைப் படித்து, எந்தக் கணத்தை வரைவது என முடிவெடுக்கும் ஓவியர் கதையின் முதல் வாசகரும் ஆவார். மென்பொருள் தனக்குத் தரப்பட்ட வரிகளை மட்டுமே அறியும். முதல் படத்தில் வந்த கதாநாயகியின் முகம் அடுத்த படத்தில் மாறிவிடுவது இதன் நன்கறியப்பட்ட குறை. இதனைச் சீர்செய்யும் வசதியை மிட்ஜேர்னி 2024இல் அறிமுகப்படுத்தியது.

புலம்பெயர்ந்த தமிழர் ஒருவரின் நூல் சென்னையில் அச்சாகி, லண்டனிலும் நியூயார்க்கிலும் விற்பனையாகலாம். அதன் எழுத்து மூன்று இடங்களிலும் அவருக்கே உரியது. அட்டையில் உள்ள முகம் ஓர் இடத்தில் அவருடையதாகவும், மற்றோர் இடத்தில் எவரும் எடுத்தாளக் கூடியதாகவும் இருக்கக் கூடும். நூலின் அடையாளமாக ஒரு முகம் நிலைக்க வேண்டும் என்று விரும்பும் எழுத்தாளருக்கு, மனித ஓவியரிடம் எழுத்துமூல ஒப்பந்தம் செய்துகொண்டு உரிமை பெறுவதே இப்போதைக்கு உறுதியான வழியாக உள்ளது.