சாகுலியா: சால் காட்டுக்குள் ஒரு ஓடுதளம்

ஜாம்ஷெட்பூர் தமிழர்களுக்கு இந்த ரயில் பாதை அத்துப்படி. ஊருக்குப் போக கரக்பூரில் கோரமண்டல் பிடிக்கணும் என்றால் காட்சிலா, தால்பூம்கர், சாகுலியா, ஜார்க்ராம், கலைகுண்டா என்று வரிசையாகத் தாண்டித்தான் போகணும். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே நாம் தாண்டுகிற இந்த ஊர்களில் மூன்று, இரண்டாம் உலகப் போரின் விமானத்தளங்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தால்பூம்கர், சாகுலியா, கலைகுண்டா.

கொஞ்சம் பின்னால் போவோம். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்துவிட்டது. திருப்பி அடிக்க அமெரிக்காவிடம் ஒரு புது ஆயுதம் இருந்தது: பி-29. நான்கு எஞ்சின், இறக்கை நுனிக்கு நுனி 141 அடி. அந்தக் காலத்து ராட்சசன். ஜப்பானுக்குப் பக்கத்தில் அதை இறக்க இடம் இல்லாததால், வங்காளத்தின் மேற்குப் பக்கத்தையும் அதை ஒட்டிய பீகாரையும் தேர்ந்தெடுத்தார்கள். சாகுலியா, பியார்டோபா, துத்குண்டி, கரக்பூர் பக்கத்து சலுவா ஆகியவை முக்கியத் தளங்கள். தலைமையகம் கரக்பூரின் ஹிஜ்லி சிறைக் கட்டிடம். ஆமாம், பிற்பாடு ஐஐடி தொடங்கிய அதே கட்டிடம்தான்!

முதல் பி-29 சாகுலியாவில் இறங்கிய நாள் 1944 ஏப்ரல் 2. இந்த வெயிலில் எஞ்சின்கள் சூடேறித் தீப்பிடித்தன. ஜூன் 5 அன்று முதல் தாக்குதல். 98 விமானங்கள் பாங்காக் ரயில்வே பணிமனையைக் குறிவைத்துக் கிளம்பின. பத்து நாள் கழித்து ஜப்பானின் யவாட்டா இரும்பு ஆலை. அதற்கு இங்கிருந்து நேராகப் போக முடியாது. இமயமலையைத் தாண்டி சீனாவின் செங்டுவுக்குப் போய், அங்கிருந்து கிளம்பணும். அங்கே தேவையான பெட்ரோலையும் குண்டையும் இவர்களே மலை தாண்டிச் சுமக்கணும். ஒரு தாக்குதலுக்குப் பல நடை!

ஓர் இரும்பு நகரத்தின் பக்கத்திலிருந்து கிளம்பி இன்னோர் இரும்பு நகரத்தின் மேல் குண்டு. இந்த ஊரில் இரும்பை நம்பிப் பிழைக்கிற எனக்கு இது உறுத்தாமல் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பி-29 இறங்க சுமார் 7,500 அடி நீள ஓடுதளம் வேண்டும். அமெரிக்க எஞ்சினியர்கள் இயந்திரங்களோடு வந்தார்கள். ஆனால் கல் உடைத்ததும் கூடை சுமந்ததும் ஆயிரக்கணக்கான உள்ளூர்க் கூலி ஜனங்கள். அது எந்தச் சமயம்? 1942 அக்டோபரில் மிட்னாப்பூர் கடலோரத்தைப் புயல் சூறையாடியது. 1943-ல் வங்காளப் பஞ்சம், 20 லட்சத்துக்கும் மேல் சாவு. அந்தப் பஞ்சத்தின் நிழலில்தான் இந்தக் கான்கிரீட் இறுகியது.

1945-ல் விமானங்கள் பசிபிக்கின் மரியானா தீவுகளுக்குப் போய்விட்டன. ஒரே வருஷத்தில் எல்லாம் முடிந்தது. கலைகுண்டா இந்திய விமானப்படைக்குத் தளமாயிற்று, துத்குண்டி குண்டுவீச்சுப் பயிற்சி மைதானமாயிற்று. சாகுலியா மட்டும் காட்டோடு போனது. 1971-ல் வங்கதேச முக்தி வாஹினி வீரர்களுக்கு அங்கே பயிற்சி நடந்தது. அப்புறம் மறுபடி அமைதி.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மாவோடும் பையனோடும் போய்ப் பார்த்தேன். விரிசல்களில் புல், அதில் மாடுகள். பையன் ஒரு முனையிலிருந்து ஓட ஆரம்பித்துப் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு நீளம். இங்கிருந்து பறந்தவர்களின் பெயர்களை அமெரிக்காவில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இதைப் போட்டவர்களில் ஒருவர் பெயராவது எங்கேயாவது பொறித்திருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை.

நம்ம சோழவரமும் போர்க்கால ஓடுதளம்தான். பிறகு அங்கே கார் பந்தயம் நடந்ததால் பெயராவது நிலைத்தது.

இப்போது பக்கத்துத் தால்பூம்கரின் பழைய ஓடுதளத்தில் விமான நிலையம் கட்டும் திட்டம். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். காட்டு நிலம், யானைகளின் பாதை என்ற கேள்விகளால் வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. அவசரத்துக்கு ஊருக்குப் போக ராஞ்சிக்கோ கொல்கத்தாவுக்கோ ஓடுகிற நமக்கு அது பெரிய வரம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ராத்திரி போன் வந்தால்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அந்த மண்ணில் இருப்பவர்களிடம் 1943-ல் யாரும் கேட்கவில்லை. இந்தத் தடவையாவது கேட்டுவிட்டுக் கட்டட்டும். யானை நடக்கிற பாதையை விட்டுவிட்டுக் கட்ட முடியுமென்றால் முதல் டிக்கெட் நான் வாங்குகிறேன். முடியாதென்றால், இருக்கவே இருக்கிறது நம்ம கோரமண்டல்.

அடுத்த முறை சாகுலியா தாண்டும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். கூடை சுமந்தவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.