‘ஃபோர்மோஸ்ட்’ என்னும் சொல்லின் பூர்விகம்

ஆங்கிலத்தில் ஒரு குணத்தின் உச்ச நிலையை உணர்த்தச் சொல்லின் ஈற்றில் ‘எஸ்ட்’ விகுதியைச் சேர்ப்பதோ, அதன் முன்னே ‘மோஸ்ட்’ என்பதை நிறுத்துவதோ வழக்கம். இரண்டையும் ஒருங்கே ஆள்வது பிழை என்று பள்ளிப் பருவத்திலேயே நமக்குப் போதிக்கப்படுகிறது. ஆயினும், தலைசிறந்தது என்னும் பொருளில் அம்மொழியார் பெருமிதத்தோடு வழங்கும் ‘ஃபோர்மோஸ்ட்’, உச்ச விகுதியின்மேல் இன்னோர் உச்ச விகுதி ஏறி உருவான சொல்லே ஆகும்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வெல்வதற்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் ‘ஃபோர்’ என்றால் முன். ‘ஃபோர்மா’ என்றால் முதலாவது. பின்னதிலுள்ள மகரமே உச்சப் பொருளைத் தந்தது; லத்தீன் மொழியின் ‘ப்ரீமுஸ்’ என்னும் சொல்லிலும், நாம் அன்றாடம் வழங்கும் ‘பரமம்’, ‘அதமம்’ முதலிய வடசொற்களிலும் விளங்குவது அந்தத் தொன்மையான விகுதிதான். காலக்கிரமத்தில் மகரத்தின் சக்தி மங்கிப்போகவே, மக்கள் அதன்மேல் ‘எஸ்ட்’ சேர்த்து ‘ஃபோர்மெஸ்ட்’ என்றார்கள். பின்வந்தோர் செவிக்கு அந்த ‘மெஸ்ட்’, மிகுதியைக் குறிக்கும் ‘மோஸ்ட்’ போலவே ஒலித்தமையால், சொல்லைத் தவறான இடத்தில் பிரித்து, இன்றைய வடிவத்தை அளித்தார்கள். ‘இன்மோஸ்ட்’, ‘அட்மோஸ்ட்’ ஆகியவையும் இவ்வாறு திரிந்தவையே. ‘டாப்மோஸ்ட்’ போன்றவை அவற்றைப் பார்த்துப் பிற்காலத்தில் எழுந்தவை. இதனினும் விசித்திரம், உச்சப் பொருள் கொண்ட அதே ‘ஃபோர்மா’வின்மேல் ஒப்பீட்டு விகுதியை ஏற்றி, ‘முந்தைய’ என்னும் பொருளில் ‘ஃபார்மர்’ என்ற சொல்லைப் படைத்ததாகும்.

‘ஃபர்ஸ்ட்’ என்பதும் ‘ஃபோர்’ என்னும் வேரில் ‘எஸ்ட்’ சேர்ந்து பிறந்த உடன்பிறப்பே. ஜெர்மானியர் சிற்றரசனைக் குறிக்கும் ‘ஃப்யூர்ஸ்ட்’ அதன் மற்றோர் உருவம். ஆகவே, மேடைப் பிரசங்கிகள் ‘ஃபர்ஸ்ட் அண்ட் ஃபோர்மோஸ்ட்’ என்று தொடங்கும்போது, ஒரே வேரின் இரு கிளைகளையே அடுக்கிச் சொல்லுகிறார்கள்.

1762-இல் ஆங்கில இலக்கணம் வெளியிட்ட ராபர்ட் லௌத் என்னும் சமயகுரு, இரட்டை உச்சத்தைப் பொதுவாக ஏற்காதவராயினும், பைபிளின் பழைய சங்கீத மொழிபெயர்ப்பில் கடவுளைக் குறித்து வந்த ‘மோஸ்ட் ஹையஸ்ட்’ என்னும் பிரயோகத்தை மட்டும், உயர்ந்தவற்றிற்கெல்லாம் உயர்ந்த பொருளைச் சுட்டுவதால் தகும் என்று அனுமதித்தார். இதைத்தான் நம் இலக்கணிகள் வழுவமைதி என்பார்கள். ‘ஃபோர்மோஸ்ட்’டுக்கு அத்தகைய தெய்வ சம்பந்தம் எதுவும் தேவைப்படவில்லை, பல நூற்றாண்டுகளாக மக்கள் நாவில் பயின்ற ஒன்றே அதற்குப் போதிய பிரமாணம்.