எண்ணி வைத்த கூடைகள்

ஐந்து அப்பங்களை ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்தளித்த அருஞ்செயலை நற்செய்தியாளர் நால்வரும் எழுதியுள்ளனர். நால்வரும் மறவாது குறித்த செய்தி ஒன்றுண்டு: எஞ்சிய துண்டுகள் பன்னிரண்டு கூடை நிறைய இருந்தன என்பதே அது. எதுவும் பாழாகலாகாது என்பது ஆண்டவரின் விருப்பமாயிருந்ததை யோவான் தனியே சுட்டுகிறார். சீடர்கள் சேர்த்தார்கள், எண்ணினார்கள், எண்ணியது ஏட்டில் ஏறிற்று. எத்தனை, எதில் என்னும் இரு விவரங்களும் அச்சிறு தொடரில் அடங்கிவிட்டன.

ஆவணக் காப்பகங்களின் விவரப் பட்டியலைப் புரட்டுவோர் இத்தகைய இரு குறிப்புகளைக் காண்பர். ஒரு தொகுதியின் அளவு எவ்வளவு என்பது ஒன்று. அது எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பது மற்றொன்று. வரலாற்றை நாடி வருவோர் பலர் இவ்விரு வரிகளையும் கடந்து சென்றுவிடுவர். ஆயினும் திருச்சபையின் நினைவைக் காப்பதில் இவற்றின் பங்கு சிறிதன்று. வத்திக்கான் காப்பகத்தின் வரலாற்றை உற்று நோக்கினால் இது விளங்கும்.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1881-இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்ட அக்காப்பகத்திற்கு, திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் 'திருத்தூதுக் காப்பகம்' எனப் பெயர் மாற்றினார். அதன் அடுக்குகளின் நீளம் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். காகிதத்தை நீளத்தால் அளப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கட்டில் பத்துத் தாள்கள் இருக்கலாம். மற்றொன்றில் ஆயிரம் இருக்கலாம். ஏட்டின் தடிமனும் ஒன்றுபோல் இராது. ஆகவே அவை அடுக்கில் எவ்வளவு இடத்தை நிரப்புகின்றன என்பதே பொதுவான அளவாயிற்று. கட்டப்பட்ட ஏடுகளாயின் அவற்றின் எண்ணிக்கையும் உடன் தரப்படும்.

அந்த எண்ணிக்கையே சில வேளைகளில் வரலாறு பேசும். திருத்தந்தையரிடம் அளிக்கப்பட்ட விண்ணப்பங்களின் பதிவேடுகள் அங்கே உள்ளன. 1342 முதல் 1899 வரையான அத்தொகுதியில் 7,365 ஏடுகள் இருக்கின்றன. ஓர் ஏட்டையும் திறவாமலே நாம் ஒன்றை அறிந்துகொள்கிறோம்: ஐந்து நூற்றாண்டுகளாக உரோமையின் எழுத்தர்கள் தங்கள் உழைப்பில் பெரும்பகுதியை மன்றாட வந்தோரின் சொற்களைப் பதிந்து வைப்பதில் செலவிட்டிருக்கிறார்கள். இனி, அடுக்குமுறைக் குறிப்பைப் பார்ப்போம். அவ்வேடுகள் திருத்தந்தையரின் ஆட்சிக்காலத்தையும் நாளையும் ஒட்டி அமைந்துள்ளன; நாட்டின் பெயராலோ விண்ணப்பித்தவரின் பெயராலோ அமையவில்லை. இதனை அறியாமல் செல்பவர் மாதக்கணக்கில் தேடியும் வெறுங்கையோடு திரும்புவார். அறிந்தவரோ முதலில் நாளைத் தேடிக்கொண்டு பின்னர் ஏட்டிற்குச் செல்வார்.

அடுக்குமுறையின் அருமை எளிதில் உணரப்பட்டதன்று. 1751-இல் அக்காப்பகத்தின் தலைமைப் பொறுப்பேற்ற ஜியூசெப்பே கராம்பி பெரும் உழைப்பாளர். மறைமாவட்டங்களின் வரலாற்றை எழுத விரும்பிய அவர், ஆவணம் ஒவ்வொன்றின் செய்தியையும் சிறு சீட்டுகளில் குறிக்கலானார். சீட்டுகள் இலட்சக்கணக்கில் பெருகின. பிற்காலத்தில் அவை பொருள்வாரியாக 125 பெரிய ஏடுகளில் ஒட்டப்பட்டு இன்றும் பயன்படுகின்றன. ஆயினும் ஒரு சீட்டு ஓர் ஆவணத்தைப் பற்றியே பேசும். அதன் அருகே எவை இருந்தன, எந்த அலுவலகம் எந்தப் பணியின்போது அதனை எழுதிற்று என்பதைத் தனிச் சீட்டு சொல்லாது. ஒரு குடும்பத்தின் கடிதங்களைப் பிரித்து, திருமணம், நிலம், நோய் என்று வெவ்வேறு பெட்டிகளில் இட்டால் கடிதங்கள் இருக்கும், குடும்பம் மறைந்துவிடும்.

இவ்வுண்மையை 1841-இல் பிரெஞ்சு அரசின் சுற்றறிக்கை விதியாக்கிற்று: ஓர் அலுவலகத்திலோ நிறுவனத்திலோ தோன்றிய ஆவணங்கள் பிறவற்றோடு கலவாமல் ஒன்றாகவே நிற்க வேண்டும். 1898-இல் முல்லர், ஃபெய்த், ஃபிரூயின் என்னும் டச்சுக் காப்பாளர் மூவர் தம் கையேட்டில், அவற்றின் பழைய ஒழுங்கையும் மதிக்க வேண்டும் என்று வலியுறுத்தினர்.

அளவைக் குறித்து வைப்பதன் தேவையை உணர்த்தியதோ ஒரு பேரிழப்பு. 1810-இல் நெப்போலியனின் ஆணைப்படி காப்பகம் பாரீசுக்குக் கொண்டு செல்லப்பட்டது. 3,239 பெட்டிகள் ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்தன. பேரரசன் வீழ்ந்தபின் 1815 முதல் அவை திரும்பலாயின. ஆனால் வழிச்செலவு மிகுதி. பயனற்றவை என்று கருதப்பட்ட தாள்கள் பாரீசிலேயே அழிக்கப்பட்டன, எடைக்கும் விற்கப்பட்டன. சில ஏடுகள் டப்ளின் நகர டிரினிட்டி கல்லூரியைச் சென்றடைந்தன. கலிலேயோவின் வழக்குக் கட்டு 1843-இல்தான் உரோமைக்கு மீண்டது. சென்றவற்றுள் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை திரும்பவேயில்லை என்பது அறிஞர் கணிப்பு. இக்கணிப்பும்கூடப் பெட்டிகளின் எண்ணிக்கையும் பழைய பட்டியல்களும் எஞ்சியிருந்தமையால்தான் இயன்றது. எண்ணப்படாத செல்வம் களவு போனால், களவு போனது என்று சொல்லவும் ஆளிராது.

நம் காலத்தில் இப்பணி புதிய ஊக்கம் பெற்றது. 1984-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர்கள் தொடங்கிய முயற்சி, பிரான்சிஸ் புளூயினைப் பொதுப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1998-இல் பெருநூலாக வெளிவந்தது. திருப்பீடத்தின் அலுவலகம் ஒவ்வொன்றின் வரலாற்றையும் கூறி, அது உண்டாக்கிய தொகுதிகளை அதன் கீழே அந்நூல் வரிசைப்படுத்துகிறது. தொகுதியின் காலமும் அளவும் அமைப்பும் அங்கே இடம்பெறுகின்றன. உலகக் காப்பகங்களின் பேரவை 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட விதித்தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் 26 கூறுகள் உள்ளன. அவற்றுள் இன்றியமையாதவை ஆறு: குறியீடு, தலைப்பு, உண்டாக்கியவர், காலம், அளவு, விவரிப்பின் படிநிலை. அளவு அந்த ஆறனுள் ஒன்று.

இவையெல்லாம் உரோமைக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரியவை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 486-ஆம் எண், மறைமாவட்டக் காப்பகத்து ஆவணங்களுக்குச் சுருக்கக் குறிப்புடன் பட்டியல் வேண்டும் என்கிறது. 491-ஆம் எண், பங்குக் கோவில்களின் ஆவணங்களுக்கும் பட்டியல் இரு படிகளாக அமைய வேண்டும் என்கிறது: ஒன்று அக்கோவிலில், மற்றொன்று மறைமாவட்டக் காப்பகத்தில். பழைய பங்கேடுகளையும் கவனமாகக் காக்குமாறு 535-ஆம் எண் பணிக்கிறது.

நம் பங்குகளின் மர அலமாரிகளில் திருமுழுக்கு, திருமண, இறப்பு ஏடுகள் உறங்குகின்றன. கல்வெட்டிலோ அரசிதழிலோ பெயர் ஏறாத உழவருக்கும் மீனவருக்கும் அவர் பிறந்ததையும் மணந்ததையும் சொல்ல அந்த ஒரு வரியே இருக்கக்கூடும். கறையான் அரித்து ஓர் ஏடு போனால் ஒரு தலைமுறையின் பெயர்கள் போகும். ஆகவே ஒரு தாளில் எழுதி வைப்போம்: திருமுழுக்கு ஏடுகள் எத்தனை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, பங்குவாரியாகவா கிளைக்கிராம வாரியாகவா, இடையில் எந்த ஆண்டுகள் இல்லை என்று. இல்லாததை எழுதுவதும் உண்மைக்குச் செய்யும் தொண்டே.

தாவீது அரசர் தம் மக்களை எண்ணியது பாவமாயிற்று என விவிலியம் கூறும். வலிமையைக் காட்ட எண்ணினார் அவர். சீடர்களோ சிதறியவை பாழாகாதிருக்கச் சேர்த்து எண்ணினார்கள். பங்குப் பேரவையினரும் இளைஞரும் ஒரு ஞாயிறு மாலையை ஒதுக்கினால் போதும். நம் கோவிலின் கூடைகளும் எண்ணப்பட்டுவிடும்.